பதின்பருவத்தார் கட்டிய ரசிகர் தளங்கள்: வென்ற சண்டையும் இழந்த நிலமும்

1990-களின் கடைசியில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயப் பட்டியலையோ, ஒரு நாவலின் பாத்திரங்களைப் பற்றிய விவரத்தையோ, ஒரு பாட்டுக்குழு எந்த ஊரில் எந்தப் பாட்டைப் பாடியது என்ற தகவலையோ இணையத்தில் தேடியவர்களுக்கு நிறுவனங்களின் பக்கங்களால் பெரிய பயன் இல்லை. நிறுவனங்கள் அப்போதுதான் தயங்கித் தயங்கி இணையத்துக்குள் வந்துகொண்டிருந்தன. ஒரு விளம்பரப் படம், ஒரு வெளியீட்டுத் தேதி என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. விரிவான பக்கத்தை வைத்திருந்தவர் பெரும்பாலும் ஒரு ரசிகர்தான். கல்லூரி மாணவராக இருப்பார். பல சமயம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருப்பார். அமெரிக்காவில் 1995-க்கும் 2005-க்கும் இடையில் இப்படிப்பட்ட தளங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

இந்தத் தளங்களைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் ஒரு சாரார் மின்னும் எழுத்துகளையும் கண்ணைக் கூசவைக்கும் பின்னணிகளையும் நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு சாரார் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடுகிறார்கள். இரண்டு பார்வையும் போதாது. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒருவர் தனக்குத் தானே ஆசிரியராகவும் பதிப்பாளராகவும் தொழில்நுட்பராகவும் இருக்க முடிந்த காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது. அவர்கள் எதை, எப்படிக் கட்டினார்கள், யாரோடு மோதினார்கள், கட்டியது ஏன் மறைந்தது என்று பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்று புலப்படுகிறது. ஹாலிவுட் நிறுவனங்களின் வக்கீல் நோட்டீஸ்களுக்கு இந்தப் பிள்ளைகள் கடைசியில் பணியவில்லை. அவர்கள் குடியிருந்த இடம் அவர்களுடையதாக இல்லாமல் போனதுதான் அவர்களைத் தோற்கடித்தது.

அந்த இடங்களில் மிகப் பெரியது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் 1994-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். இணையத்தையே ஒரு நகரமாகக் கற்பனை செய்து, அதைப் பேட்டைகளாகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக ஒரு மனை எடுத்துப் பக்கம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். திரைப்படமும் நடிகர்களும் என்றால் ஹாலிவுட் பேட்டை. அறிவியல் புனைவுக்கு ஏரியா 51. இசைக்கு சன்செட் ஸ்ட்ரிப், ஜப்பானிய அனிமேவுக்கு டோக்கியோ, சிறுவர்களுக்கு என்சான்டட் ஃபாரஸ்ட். பேட்டைப் பெயரோடு நான்கு இலக்க வீட்டு எண்ணும் சேர்ந்ததுதான் முகவரி. பக்கம் வைத்திருந்தவர்களைக் குடியேறிகள் என்றே நிறுவனம் அழைத்தது. ட்ரைபாட், ஏஞ்செல்ஃபயர் முதலிய போட்டி நிறுவனங்களும் இலவச இடம் கொடுத்தன. ஆனால் ஒரே விருப்பம் உள்ளவர்களை அக்கம்பக்கத்தில் குடியமர்த்தியது ஜியோசிட்டீஸின் தனிப்பட்ட யோசனை. தன் ஊரில் தனக்குப் பிடித்த தொடரைப் பார்க்கிற ஒரே பிள்ளையாக இருந்தவருக்கு, பக்கத்து எண்ணில் அதே தொடரின் இன்னொரு ரசிகர் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

கட்டுவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸோடு வரும் நோட்பேட் போதும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் ஹெச்டிஎம்எல் மூலத்தை உலாவியிலேயே பார்க்கலாம். பிடித்த பக்கத்தின் மூலத்தைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து, மாற்றி, சேமித்து, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் பாடமுறை. வகுப்பறையில் அப்போது இதைக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் அனேகமாக இல்லை. 1997-இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி, தான் கற்ற ஹெச்டிஎம்எல் குறிகள் மறந்துவிடாமல் இருக்க ஒரு பக்கத்தில் எழுதி வைக்கத் தொடங்கினாள். அதுவே 'லிசா எக்ஸ்ப்ளெய்ன்ஸ் இட் ஆல்' என்ற தளமாக வளர்ந்து, பிள்ளைகள் பிள்ளைகளிடமே வலைப்பக்கம் கட்டக் கற்றுக்கொண்ட பெரிய பள்ளிக்கூடம் ஆயிற்று.

அந்தப் பக்கங்களின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள அவற்றின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள வேண்டும். 28.8 கிலோபிட் மோடத்தில் 100 கேபி அளவுள்ள ஒரே ஒரு புகைப்படம் வந்துசேர, எல்லாம் சரியாக நடந்தாலே அரை நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் வீட்டுத் தொலைபேசி பேச்சுக்குக் கிடைக்காது. இலவச இடமோ ஆரம்பத்தில் ஓரிரு எம்பிதான். பிறகு ஜியோசிட்டீஸ் யாஹூவின் கைக்குப் போன காலத்தில் 15 எம்பி வரை உயர்ந்தது. அதனால் படங்களைச் சிறிதாக்கி வரிசையாக அடுக்கி, பெரிதாகப் பார்க்க விரும்புகிறவர் மட்டும் சொடுக்கட்டும் என்று வைத்தார்கள். பாட்டை ஒலிப்பதிவாகப் போட முடியாது. ஆகவே சுரங்களை மட்டும் குறிப்பாகச் சேமிக்கும் மிடி கோப்புகளைப் பின்னணியில் ஓடவிட்டார்கள். சில பத்து கேபியில் ஒரு முழுப் பாட்டு அடங்கிவிடும். 1987-இல் உருவான ஜிஃப் வடிவத்தை நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு திரும்பத் திரும்ப ஓடவிடத் தொடங்கியதும், நகரும் படத்துக்கு மிக மலிவான வழி கிடைத்தது. சுழலும் நட்சத்திரம், எரியும் தீப்பந்தம், மண்வெட்டியோடு நிற்கும் 'வேலை நடைபெறுகிறது' பலகை எல்லாம் அப்படி வந்தவை.

அந்தப் பலகையைத்தான் பிற்காலத்தார் அதிகமாகக் கேலி செய்தார்கள். ரஷ்யாவில் பிறந்த இணையக் கலைஞர் ஓல்யா லியாலினா மட்டும் அதை மரியாதையோடு எடுத்து ஆராய்ந்தார். 2005-இல் எழுதிய கட்டுரையில் அந்தக் காலத்து எளிய வலையை மக்கள் வழக்கில் பிறந்த ஒரு கலையாகவே அவர் பார்த்தார். ஒரு பக்கம் முடிந்துவிடாது, நாளையும் வளரும் என்ற நம்பிக்கை அந்தப் பலகையில் இருந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இது மிகச் சரியான பார்வை. தன் பக்கம் இன்னும் முழுமை அடையவில்லை என்று வாசகருக்குச் சொல்லும் பொறுப்பை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

பொறுப்பு அதோடு நிற்கவில்லை. பிறர் உருவாக்கிய படத்தை அவருடைய சர்வரிலிருந்தே இழுத்துக் காட்டினால் அவருக்குக் கிடைத்த மாதத் தரவு அளவு தீர்ந்து பக்கமே மூடிவிடும். எனவே படத்தை எடுத்து உன் இடத்தில் வைத்துக்கொள், எங்கிருந்து எடுத்தாய் என்று என் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடு என்பது எழுதாத சட்டமாயிற்று. பல தளங்களில் எழுதியும் வைத்தார்கள். இவர்களே தொடரின் காட்சிகளை அனுமதி இல்லாமல் எடுத்துப் போட்டவர்கள்தானே, இவர்களுக்கு எதற்கு உரிமைப் பேச்சு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி இந்தப் பிள்ளைகளின் நியாயத்தைத் தவறவிடுகிறது. தொடர் தங்களுடையது என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. உரிமை இன்னாருடையது என்று முகப்பிலேயே எழுதி வைத்தவர்கள்தான் அதிகம். ஒரு படத்தை வெட்டி ஒட்டி வண்ணம் மாற்றிய இரண்டு மணி நேர உழைப்புக்குப் பெயர் கேட்டார்கள். சட்டம் அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்ததா இல்லையா என்பது வேறு.

தேடுபொறிகள் பலவீனமாக இருந்த நாட்களில் இந்தத் தளங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்ததும் ஒரு பதின்வயதினரின் கைவேலையால்தான். ஆரிகனைச் சேர்ந்த சேஜ் வைல் 1995-இல் உருவாக்கிய வெப்ரிங், ஒரே பொருளைப் பற்றிய பக்கங்களை வட்டமாகக் கோத்தது. 'அடுத்தது' என்று சொடுக்கிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு ரசிகர் நிர்வகித்தார். செத்த பக்கங்களை நீக்கி, புதியவற்றைப் படித்துப் பார்த்துச் சேர்த்தார். வெப்ரிங் பிறகு கைமாறிக் கைமாறி யாஹூவிடம் போய் நலிந்தது. சேஜ் வைல் கல்லூரி நாட்களில் நண்பர்களோடு ட்ரீம்ஹோஸ்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பின்னர் செஃப் என்ற சேமிப்பு மென்பொருளை உருவாக்கினார். 

யார் இவர்கள் என்பதற்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளைகள் இதில் பெரும் பங்கு வகித்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெண் பெற்றோரின் கடன் அட்டையில் டொமைன் வாங்குவாள். அதற்குள் முன்பின் பார்த்திராத தோழிகளுக்கு இலவசமாக இடம் பிரித்துக் கொடுப்பாள். கணினித் துறையில் பெண்கள் ஏன் குறைவு என்று பெரியவர்கள் மாநாடு கூட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது. யாரும் இதை நிரலாக்கக் கல்வி என்று எண்ணாததால் கணக்கிலும் சேரவில்லை. வசதியின் எல்லையும் இருந்தது. அமெரிக்காவிலேயே 2000 ஆகஸ்டில் 41.5 சதவீத வீடுகளில்தான் இணையம் இருந்தது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை இந்தக் கதைக்குள் வரவே இல்லை. பொற்காலம் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிறுவனங்களோடு மோதல் சீக்கிரமே தொடங்கியது. 1990-களின் நடுவில் ஃபாக்ஸ் நிறுவனம் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' ரசிகர் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 1996 இறுதியில் 'ஸ்டார் ட்ரெக்' உரிமையை வைத்திருந்த வயாகாம் அதையே செய்தது. பெரும்பாலான ரசிகர்கள் பயந்து பக்கத்தை மூடினார்கள். 1998 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த எண்ணியல் பதிப்புரிமைச் சட்டம் நிலைமையை இன்னும் கடினமாக்கியது. புகார் வந்தவுடன் உள்ளடக்கத்தை நீக்கிவிட்டால் இடம் கொடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று அது பாதுகாப்பு அளித்தது. ஆகவே வக்கீல் ரசிகரோடு வாதாட வேண்டியதே இல்லை. ஜியோசிட்டீஸுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், மறுநாள் பக்கம் இருக்காது.

இந்த வரிசையில் திருப்பம் வந்தது ஹாரி பாட்டரால். அந்தக் கதையை எழுதிய ரௌலிங்கின் நான்காம் புத்தகம் 2000 ஜூலையில் வந்தது. ஐந்தாவது 2003 ஜூனில்தான் வந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள், கதை பாதியில் நின்ற நிலையில், வாசகப் பிள்ளைகளிடம் விடப்பட்டன. அடுத்து என்ன நடக்கும் என்று அலசவும், கிளைக்கதை எழுதவும், அகராதி தொகுக்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. இண்டியானாவின் லா போர்ட் நகரில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்த எமர்சன் ஸ்பார்ட்ஸ் 1999-இல், 12 வயதில், 'மகிள்நெட்' தளத்தைத் தொடங்கினார். வர்ஜீனியாவில், அவரைப் போலவே வீட்டில் படித்த ஹெதர் லாவர் 14 வயதில் 'டெய்லி ப்ராஃபெட்' என்ற இணைய இதழை ஆரம்பித்தார். கதைக்குள் மந்திரவாதிகள் படிக்கும் செய்தித்தாளின் பெயர் அது. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளி உலகின் நிருபர்களாகச் செய்தி எழுதினார்கள். ஹெதர் அவற்றைத் திருத்தி, எழுதியவருக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கி வெளியிட்டார். ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006-இல் வந்த தம் நூலில் ஒரு அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கினார். பள்ளிக்கூடம் கொடுக்கத் திணறும் எழுத்துப் பயிற்சியை இந்த விளையாட்டு கொடுத்தது என்று அவர் வாதிட்டார். நூறு சக வயதினரின் கட்டுரைகளைத் திருத்தும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை எந்தப் பாடத்திட்டம் உருவாக்கியிருக்கும் என்று யோசித்தால் அவர் மிகைப்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

2000 டிசம்பரில், முதல் ஹாரி பாட்டர் படம் வெளிவர ஏறத்தாழ ஓராண்டு இருக்கும்போது, அதைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸின் கடிதங்கள் புறப்பட்டன. ஹாரி பாட்டர் பெயரைக் கொண்ட டொமைன்களை ஒப்படைக்கச் சொன்ன கடிதங்கள் அவை. இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் ஒருத்திக்கு வந்த கடிதத்தை அவளுடைய வீட்டார் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. கடலுக்கு அந்தப் பக்கம் ஹெதர் லாவர் மற்ற தளங்களின் பிள்ளைகளைத் திரட்டி, படத்தோடு தொடர்புள்ள விற்பனைப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கத்தை நடத்தினார். இதில் அவருக்கு லண்டனில் ஒரு கூட்டாளியும் கிடைத்தார். எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் நிறுவனத்தின் பிரதிநிதியோடு நேருக்கு நேர் விவாதிக்கும்போது ஹெதருக்கு வயது 16. அவருடைய வாதம் நேர்மையானது: இந்தப் பிள்ளைகளின் ஆர்வம்தான் புத்தகத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, பணம் சம்பாதிக்காத அவர்களைத் திருடர்களைப் போல மிரட்டாதீர்கள். 2001-இல் நிறுவனம் பின்வாங்கியது. பின்னாளில் அதன் உயர் அதிகாரி ஒருவரே, ஆரம்பத்தில் நடந்துகொண்ட விதம் விவரம் அறியாமல் செய்தது என்று ஜென்கின்ஸிடம் ஒப்புக்கொண்டார்.

இதை ரசிகர் உரிமையின் பெரிய வெற்றியாக எழுதுகிறவர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் வக்கீல் வைக்கப் பணம் இல்லை. நிறுவனத்துக்கு ஒரு சிறுமியைக் கூண்டில் ஏற்றும் துணிச்சல் இல்லை. பொதுமக்கள் முகம் சுளித்ததால் கிடைத்த வெற்றி அது. 2008-இல் அதன் எல்லை தெரிந்தது. மிச்சிகனைச் சேர்ந்த ஸ்டீவ் வாண்டர் ஆர்க் 2000 முதல் நடத்திவந்த 'ஹாரி பாட்டர் லெக்சிகன்' தளத்தை ரௌலிங்கே பாராட்டியிருந்தார். அது அச்சுப் புத்தகமாக விற்பனைக்கு வரப்போகிறது என்றதும் ரௌலிங்கும் வார்னரும் வழக்குத் தொடர்ந்தார்கள். இத்தகைய கையேடுகள் எழுதக்கூடியவைதான், ஆனால் இந்தப் புத்தகம் மூலத்திலிருந்து அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டது என்று நியூயார்க் நீதிமன்றம் வெளியீட்டைத் தடுத்து, 6,750 டாலர் இழப்பீடு விதித்தது. சுருக்கித் திருத்திய பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. காசு இல்லாத வரை பொறுத்துக்கொள்வோம், காசு வந்தால் நீதிமன்றம் என்ற ஏற்பாடுதான் அன்று முதல் இன்று வரை நடைமுறை.

இருந்தாலும் மரியாதை கிடைத்தது. 2005 ஜூலையில் ஆறாம் புத்தகம் வெளிவந்த நாளில் ரௌலிங் எடின்பரோவுக்கு அழைத்து நீண்ட பேட்டி கொடுத்த இருவரில் ஒருவர் 'லீக்கி கால்ட்ரன்' தளத்தின் மெலிசா அனெல்லி. மற்றவர் எமர்சன் ஸ்பார்ட்ஸ். பெரிய பத்திரிகைகள் காத்திருக்க, ஒரு பதினெட்டு வயது இளைஞர் உலகமே கேட்க விரும்பிய கேள்விகளைக் கேட்டார். ரசிகர் தளத்தின் உச்சி இதுதான். அதே 2005-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கெடுப்பில், இணையத்தைப் பயன்படுத்தும் அமெரிக்கப் பதின்பருவத்தாரில் 57 சதவீதத்தினர், ஏறக்குறைய 1.2 கோடிப் பேர், ஏதோ ஒன்றைச் சொந்தமாக உருவாக்கி இணையத்தில் இட்டிருந்தார்கள்.

காலடியில் இருந்த நிலம் அதற்கு முன்பே நழுவத் தொடங்கியிருந்தது. 1998-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் ஜியோசிட்டீஸ் மீது நடவடிக்கை எடுத்தது. பதிவு செய்யும்போது வாங்கிய தனிப்பட்ட விவரங்களை, சிறுவர்களுடையதையும் சேர்த்து, சொன்னதற்கு மாறாகக் கையாண்டது என்பது புகார். பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பெற்றோர் சம்மதம் இல்லாமல் தகவல் திரட்டக் கூடாது என்ற சட்டம் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தேவையான சட்டம்தான். ஆனால் சம்மதம் வாங்கும் சிரமத்துக்குப் பயந்து பல நிறுவனங்கள் சிறுவர்களை மொத்தமாக வெளியே நிறுத்தின. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வயதை மாற்றிச் சொல்லி உள்ளே நுழையப் பழகினார்கள்.

1999 ஜனவரியில் யாஹூ ஜியோசிட்டீஸை ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது அது உலகில் அதிகம் பேர் பார்க்கும் தளங்களில் மூன்றாம் இடத்தில் இருந்தது. அந்த மதிப்பு முழுவதும் குடியேறிகள் சம்பளம் இல்லாமல் கட்டிய பக்கங்களின் மதிப்பு. அதே ஆண்டு ஜூனில், பக்கங்களில் உள்ள எல்லாவற்றின் மீதும் தனக்கு விரிவான உரிமை உண்டு என்று யாஹூ புதிய விதிமுறை கொண்டுவந்தது. பக்கங்களை வெளுக்கச் செய்தும் காலி செய்தும் பயனர்கள் எதிர்த்தார்கள். சில நாட்களில் யாஹூ விதியைத் தளர்த்தியது. இந்தச் சண்டையிலும் வென்றார்கள். ஆனால் பேட்டைகளும் வீட்டு எண்களும் பயனர் பெயர்களுக்கு வழிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஏற்பாடு அத்தோடு போயிற்று.

பிறகு மைஸ்பேஸ் 2003-இல் வந்தது, ஃபேஸ்புக் 2004-இல். மைஸ்பேஸில் ஓரளவு குறிகளை எழுதிப் பக்கத்தை மாற்ற முடிந்தது. ஃபேஸ்புக்கில் வெற்றுக் கட்டங்களை நிரப்புவதுதான் வேலை. பிடித்த படம், பிடித்த புத்தகம் என்று தனித்தனிக் கட்டம். ஒரு தொடரைப் பற்றி நாற்பது பக்கங்கள் கட்டிய பிள்ளைக்கு இப்போது அதன் பெயரை எழுத ஒரு வரி கிடைத்தது. பேசுவது எளிதாயிற்று, நண்பர்கள் பெருகினார்கள். குறை சொல்ல முடியாது. கட்டும் வேலை மட்டும் கையைவிட்டுப் போயிற்று.

2009 அக்டோபர் 26-ஆம் தேதி யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 வரை நீடித்தது. அமெரிக்காவில் அப்போது சுமார் 3.8 கோடிப் பக்கங்கள் இருந்ததாகச் செய்திகள் வந்தன. கட்டியவர்களில் பலர் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் எப்போதோ தொலைத்திருந்தார்கள். மூடும் அறிவிப்பு அவர்களை எட்டவே இல்லை. ஜேசன் ஸ்காட் தொடங்கிய ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக நகலெடுத்து, 600 ஜிபிக்கும் மேற்பட்ட தொகுப்பை 2010-இல் பொதுவில் விட்டது. லியாலினாவும் ட்ராகன் எஸ்பென்ஷீடும் அதைத் தோண்டி, 2013 முதல் பக்கங்களை ஒவ்வொன்றாக அந்தக் காலத்து உலாவியில் தெரிந்தபடி படமாக்கி வெளியிட்டார்கள். மீட்டதில் படம் இல்லாத சட்டகங்களும் எங்கும் போகாத இணைப்புகளும் ஏராளம். ஜியோசிட்டீஸில் தமிழர்கள் வைத்திருந்த பக்கங்களும் இதில் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் டிஸ்கி முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்டவை அவை. கோப்பு கிடைத்தாலும் உரிய எழுத்துருவைத் தேடிப் பொருத்தினால்தான் தமிழ் தெரியும்.

பதின்வயதில் இப்படிப்பட்ட பக்கங்களைக் கட்டியும் இழந்தும் வளர்ந்த தலைமுறை இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தது. 2007-இல் ஃபேன்லிப் என்ற வணிக நிறுவனம் ரசிகர் கதைகளை வைத்து லாபம் பார்க்க முயன்றபோது, நமக்கென்று ஒரு காப்பகம் வேண்டும், அதன் சர்வர்கள் நம்முடையவையாக இருக்க வேண்டும் என்று ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், எழுந்தார்கள். லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று உருவானது. உறுப்பினர்களே நிரல் எழுதினார்கள்; சிலர் இதற்காகவே கற்றுக்கொண்டு எழுதினார்கள். 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற அந்தக் காப்பகம் 2009 நவம்பரில், ஜியோசிட்டீஸ் மூடிய மூன்று வாரங்களுக்குள், பொதுமக்களுக்குத் திறந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, நடத்த ஆள் இல்லாமல் தவிக்கும் பழைய ரசிகர் தளங்களின் கதைகளைப் பொறுப்பேற்றுக் காக்க ஒரு தனித் திட்டமே வைத்திருக்கிறது. 2019-இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் அதற்குக் கிடைத்தது.

நிலப் பிரச்சினைக்கு இதைவிடச் சிறந்த விடையை வேறு யாரும் இதுவரை கொடுக்கவில்லை. ஆனாலும் அது கதைகளுக்கான காப்பகம். அங்கே எல்லாருடைய பக்கமும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். தனக்கென்று ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து கட்டும் பயிற்சியை அது கொடுக்காது. அந்தப் பாதியை 2013-இல் கைல் ட்ரேக் தொடங்கிய நியோசிட்டீஸ் எடுத்துக்கொண்டது. ஹெச்டிஎம்எல்லைக் கையால் எழுதிப் பக்கம் கட்ட இலவச இடம் தருகிறது. ஜியோசிட்டீஸைக் கண்ணால் பார்த்திராத இளையவர்கள் அங்கே அனிமே தொடர்களுக்கும் விளையாட்டுகளுக்கும் கோயில் கட்டுவதுபோல் தளம் கட்டுகிறார்கள். வெப்ரிங் வட்டங்களைக் கூட மறுபடி கோத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தனியார் இடம்தான், ஒரு நாள் மூடலாம். ஒரே வேறுபாடு, அங்கே கட்டுகிறவர் தன் தளம் முழுவதையும் ஒரே கோப்பாக எந்த நேரமும் இறக்கி எடுத்து வேறு எந்த சர்வரிலும் வைத்துக்கொள்ளலாம்.